நண்டுத்திட்டுக்கு இரண்டு கரை

போன மாதம் திவ்யா போன் செய்தார். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் எங்கள் நில அளவை ஆபீஸில் சேர்ந்த பெண். அப்போது சங்கிலியின் எந்த முனையைப் பிடிப்பது என்று என்னிடம் கேட்டவர், இப்போது நாலு பேருக்கு மெமோ கொடுக்கும் இடத்தில் இருக்கிறார். அதனால் மரியாதையாகவே எழுதுகிறேன். பென்ஷன் வாங்குகிறவனுக்கு எதற்கு வம்பு.

"சார், நண்டுத்திட்டை ட்ரோன் விட்டு எடுத்தோம். நாப்பது நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. ஆனா உங்க பழைய படத்தோட ஒத்து வரல. ஒரே திட்டுக்கு ரெண்டு கரை போட்டிருக்கீங்க. ஒண்ணு முழுக்கோடு, ஒண்ணு புள்ளிக்கோடு. எது சார் சரி?"

"ரெண்டும்" என்றேன்.

"ரெண்டும் எப்பிடி சார்?"

"நீங்க எத்தினி மணிக்கு எடுத்தீங்க?"

"காலைல பதினொண்ணு. ஏன் சார்?"

"அப்ப தண்ணி எங்க இருந்துச்சு?"

"தண்ணி அது இடத்துலதான் சார் இருந்துச்சு" என்றார்.

எங்கள் துறையின் அறிவு தலைமுறைக்குத் தலைமுறை குறையாமல் வந்துகொண்டிருக்கிறது என்று எனக்குப் பெரிய நிம்மதி.

"நீங்களே எழுதிக் குடுங்க சார், சங்க மலர்ல போடலாம். புதுசா வர்றவங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். உபயோகமாக இருக்குமா என்று தெரியாது. நாற்பது நிமிஷத்தில் ட்ரோன் அளந்த அந்தத் திட்டை அளக்க நானும் என் மேலதிகாரியும் ஐப்பசியில் ஆரம்பித்துச் சித்திரையில் முடித்தோம். ட்ரோன் தண்ணீரில் விழவில்லையாம். நான் போன தடவையெல்லாம் விழுந்தேன். அந்த அனுபவம் ட்ரோனுக்கு வராது.

நான் புவனகிரிப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம். எங்களுக்குத் தண்ணீர் என்றால் முழங்கால் வரைக்கும். அதற்கு மேலே போனால் அதற்குப் பெயர் வெள்ள நிவாரணம். நீச்சல் தெரியாது. வேலைக்கு எழுதிப் போட்டபோது எந்தப் பாரத்திலும் அதைக் கேட்கவில்லை. நில அளவர் என்று பெயரிலேயே நிலம் இருக்கிறதே என்று நம்பிச் சேர்ந்தேன். மூன்று மாதப் பயிற்சியில் கல் நடவும், படம் வரையவும், வெயிலில் நின்றுகொண்டே தூங்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு மஞ்சக்குப்பத்தில் சில வருஷம். ஒரு முழம் இடத்துக்கு அண்ணனும் தம்பியும் அரிவாள் தூக்கும்போது நடுவில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை. அப்புறம் சிப்காட் பக்கம் ரோடு அளந்தேன். எல்லாம் கெட்டித் தரை. மனுஷன் வெட்டினால்தான் சாவு, தானாக முங்கிச் சாக வாய்ப்பில்லை.

சிதம்பரத்துக்கு மாற்றல் வந்தது. கோயில் பக்கத்தில் வீடு கிடைக்கும், காலையில் இட்லி கொத்சு கிடைக்கும் என்று சந்தோஷமாகப் போனேன். போன பிறகுதான் எனக்கு ஒதுக்கிய எல்லையை மேப்பில் பார்த்தேன். பாதிக்கு மேல் நீலம். பிச்சாவரத்துக்கு அந்தாண்ட, ஆறும் கடலும் கலந்து கிடக்கும் உப்பங்கழி. நடுநடுவே திட்டுகள். திட்டுகளில் ஜனங்கள். ஜனங்களுக்குப் பட்டா வேண்டும். பட்டாவுக்கு அளவு வேண்டும். அளவுக்கு நான் படகில் ஏற வேண்டும்.

டூரிஸ்டுகள் படகில் ஏறினால் ஆரஞ்சுக் கலரில் மிதவைச் சட்டை மாட்டிவிடுவார்கள். அரசு ஊழியனுக்கு அது கிடையாது. ஸ்டோர் லிஸ்டில் இல்லை.

முதல் நாள் படகுக்காரராக வந்தவர் கலியமூர்த்தி. நண்டுத்திட்டில் வீடு. மீன் பிடிப்பார், எங்களைப் போன்ற பாரங்களையும் ஏற்றி இறக்குவார். என்னோடு வர வேண்டிய சங்கிலி ஆள் அன்றைக்கு லீவு. படகு என்றாலே அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும், எந்த மருந்துக்கும் கேட்காது, கெட்டித் தரை வேலை என்றால் மறுநாளே குணமாகிவிடும்.

துறையில் ஒரு கால், படகில் ஒரு கால். கையில் செங்கோணம் பார்க்கும் கழி. படகு மெதுவாக நகர்ந்தது. சாதாரண மனுஷன் அலறியிருப்பான். நான் தொழில்காரன், அளந்தேன். ஒன்றரை அடி. இரண்டேகால். மூன்று. மூன்றரை அடியில் என் உடம்பின் எல்லை வந்துவிட்டது. எல்லைக்கல் மாதிரி நேராக இறங்கினேன்.

கையைக் காலை உதறுகிறேன், குலதெய்வத்தைக் கூப்பிடுகிறேன், பி.எஃப். நாமினி யார் என்றுகூட ஞாபகம் வருகிறது. கலியமூர்த்தி படகில் உட்கார்ந்து நிதானமாகப் பீடி பற்றவைத்தார்.

"சார், எழுந்து நில்லுங்க."

நின்றேன். இடுப்பு வரைக்கும்தான்.

அடுத்தது சங்கிலி. அந்தக் காலத்தில் எங்களுக்கு இருபது மீட்டர் இரும்புச் சங்கிலி, கண்ணி கண்ணியாக, பிடித்தால் கை துருவாகிவிடும். அதைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு படகில் போகிறேன். உப்பங்கழியில் மடவை மீன் துள்ளும், சில சமயம் படகுக்குள்ளேயே வந்து விழும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு முழ நீளத்தில் ஒன்று வந்து என் நெஞ்சில் அறைந்தது. நான் சங்கிலியை வீசிவிட்டு மீனைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று இன்றைக்கும் புரியவில்லை.

கலியமூர்த்தி மூன்று முறை முங்கினார். முதல் முறை உடைந்த பானை. இரண்டாவது முறை யாருடையதோ இடது கால் செருப்பு. மூன்றாவதில் சங்கிலி. நான் நேர்மையானவன் என்ற ஒரு வியாதி அப்போது இருந்தது. ஆபீஸில் போய், 'மீன் துள்ளியதால் சங்கிலி நீரில் விழுந்து மீட்கப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் எனக்குக் குறிப்பாணை வந்தது. மூன்று கேள்வி. மீன் துள்ளியபோது சங்கிலி எந்தக் கையில் இருந்தது? சங்கிலியைக் காக்க எடுக்கப்பட்ட முன்னெச்சரிக்கை என்ன? மேற்படி மீன் தற்போது எங்கே உள்ளது?

மூன்றாவது கேள்விக்கு 'உட்கொள்ளப்பட்டது' என்று பதில் எழுதினேன். அதில் சிவப்பு மையில் ஒரு டிக் விழுந்தது.

அந்தச் சிவப்பு மைக்குச் சொந்தக்காரர் தில்லைநாயகம் சார், என் மேலதிகாரி. அவரைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒல்லி. முழுக்கைச் சட்டை, பொத்தான் கழுத்து வரைக்கும். சட்டைப்பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா இரண்டு. பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவி தனக்கு வரவில்லை என்ற குறை அவருக்கு உண்டு, அதனால் சிவப்பை ஜாஸ்தியாகச் செலவு செய்வார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பியூனைக்கூட வாங்க போங்க என்பார். சரியாகப் பத்து மணிக்குப் பேனா மூடியைக் கழற்றுவார், ஐந்து மணிக்கு மூடுவார். நாலு ஐம்பத்தெட்டுக்கு நீட்டிய தாளில் கையெழுத்துப் பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் பத்து மணிக்கு 'நாயகம்' வரும்.

நாம் வரைந்த படத்தை அவர் கண்ணாடி மேஜை மேல் விரித்து, அடியில் பல்பு போட்டு, பழைய படத்தின் மேல் வைத்துப் பார்ப்பார். ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் போச்சு.

"தரையில தப்பு இருக்கலாம் ஜெயராமன். படத்துல இருக்கக் கூடாது."

இதை அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

மீன் விஷயத்துக்குப் பிறகு அந்தச் சங்கிலியை ஆபீஸ் வளாகத்தில் நட்டிருந்த இரண்டு முளைகளுக்கு நடுவில் இழுத்து, நீளம் சரியா என்று தானே குந்தி உட்கார்ந்து பார்த்தார். வெயிலில் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாக. ஒரு விரற்கடை நீண்டிருந்தது. "தண்ணியில போட்டா எதுவும் அளவு மாறிடும்" என்றார். இவர் படகில் ஏறி நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சரி, நண்டுத்திட்டுக்கு வருகிறேன். திட்டுகளில் குடியிருப்பவர்களுக்கு வீட்டுமனைப் பட்டா கொடுக்க உத்தரவு வந்தது. நண்டுத்திட்டில் நாற்பது வீடு. மேட்டுப் பக்கம் முப்பத்துமூன்று. கிழக்குப் பக்கம் தரை தாழ்ந்து போகும். அங்கே ஏழு குடும்பம், ஒவ்வொரு வீட்டுக்கும் மண் கொட்டி மேடு கட்டி, அதன் மேல் வீடு. கலியமூர்த்தியின் வீடு அந்த ஏழில் ஒன்று. பெரிய வேலை என்பதால் தில்லைநாயகம் சாரே நேரில் வந்தே ஆக வேண்டும்.

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் போனோம். காலண்டரில் அமாவாசையைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் புரொசீஜரில் இல்லை. அன்று அரசு விடுமுறை இல்லை என்பதை மட்டும் பார்த்தோம். சார் படகின் சரியான மத்தியில் உட்கார்ந்தார். அளந்து உட்கார்ந்தார் என்றே சொல்லலாம். இரண்டு கையாலும் இரண்டு பக்க விளிம்பைப் பிடித்துக்கொண்டு, போய்ச் சேரும் வரை வாயைத் திறக்கவில்லை. திட்டு வந்ததும், சாருக்குக் கை கொடுப்பதற்காக நான் முதலில் குதித்தேன். மீதி உங்களுக்கே தெரியும்.

பாஞ்சாலி மேட்டுப் பக்கத் துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கலியமூர்த்தியின் மனைவி. சுரபுன்னை மரங்களின் வேருக்கு நடுவே கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து வெறுங்கையால் நண்டும் இறாலும் பிடிக்கிறவர்.

"அளவுக்காரு வந்த உடனே ஆழம் பாத்துட்டாரு" என்றார். என் பேன்ட்டைப் பிழிந்து வேலியில் போட்டுவிட்டு, படகில் இருந்த தன் புருஷனின் லுங்கியை எடுத்துக் கொடுத்தார். லுங்கி சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் லுங்கி கட்டிய அரசு அலுவலரின் வாயிலிருந்து வரும் எந்த வார்த்தைக்கும் மதிப்புக் கிடையாது. என் வார்த்தைக்குப் பேன்ட்டோடும் பெரிய மதிப்பு இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

"சார், இன்னிக்கு வேணாம்" என்றார் பாஞ்சாலி, தில்லைநாயகம் சாரைப் பார்த்து. "ஏத்தம் நிக்குது. கடல் தண்ணி உள்ள ஏறிக் கெடக்கு, மழைத்தண்ணி வேற. மாசி, பங்குனில வாங்க. வத்தம் வந்தா கரை எங்கன்னு தரையே சொல்லும்."

"ஏத்தம் வத்தத்துக்கெல்லாம் புரொசீஜர்ல இடமில்லம்மா. எங்களுக்கு பத்துல இருந்து அஞ்சு."

"கடல்கிட்ட சொல்லிட்டிங்களா சார், பத்துல இருந்து அஞ்சுன்னு?"

சார் பேனா மூடியைக் கழற்றினார்.

அளக்கும் முறை இதுதான். திட்டின் நடு மேட்டில் நீளவாக்கில் ஒரு நேர்கோடு. அதில் பத்து மீட்டருக்கு ஓரிடத்தில் நின்று, கழியை வைத்துச் செங்கோணம் பார்த்து, அங்கிருந்து கரை முடியும் இடம் வரை சங்கிலி இழுக்க வேண்டும். அந்த நீளத்தை எழுதினால், எல்லாப் புள்ளியையும் சேர்த்துக் கரைக்கோடு வரும். சங்கிலி ஆளுக்கு வழக்கம்போலக் காய்ச்சல், அதனால் மறுமுனையைக் கலியமூர்த்தி பிடித்தார். மேட்டுப் பக்கம் எல்லாம் ஒழுங்காகப் போனது.

கிழக்கே வந்தோம். பதினெட்டு மீட்டரில் தண்ணீர். தண்ணீருக்கு அப்பால், ஒரு சின்ன மேட்டின் மேல் பாஞ்சாலியின் வீடு. வாசலில் ஒரு கோழி, எங்களைப் பார்த்துக்கொண்டு.

"சார், தண்ணி வரைக்கும்தானா?" என்று கேட்டேன்.

"கரை எங்க முடியுதோ அது வரைக்கும்."

"கரை வீட்டுக்கு அந்தாண்ட இருக்கும்போல இருக்கு சார்."

"இருக்கும்போலன்னு எழுத முடியாது. போய்க் காட்டுங்க."

கலியமூர்த்தி சங்கிலி முனையோடு ஏற்கெனவே தண்ணீரில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழேதான் நனைந்திருந்தது. "சங்கிலிய வுடுங்க சார், நான் நிக்கிறதும் தரைதான். இன்னும் இருக்குது" என்று குரல் கொடுத்தார்.

ஒரு இருபது தப்படி நான் அவர் பின்னால் நடந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். காலையில் ஒரு முறை குடித்த தண்ணீர் இன்னும் மூக்கில் எரிந்துகொண்டிருந்தது. லுங்கி வேறு, எந்த நேரத்திலும் கழன்று மிதக்கலாம். நான் தண்ணீரைப் பார்த்தேன். கோழியைப் பார்த்தேன். சாரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினெட்டு மீட்டர் சார்" என்றேன். எழுதினேன். அடுத்த புள்ளியிலும் தண்ணீர் வரைக்கும், அதற்கடுத்ததிலும் தண்ணீர் வரைக்கும். கலியமூர்த்தி சங்கிலியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

படம் அழகாக வந்தது. கண்ணாடி மேஜையில் பல்பு போட்டுப் பார்த்துச் சார் ஒரு டிக் போட்டார். அந்தப் படத்தில் நண்டுத்திட்டு நண்டு மாதிரி இல்லை, ஒரு பக்கம் கடித்த போண்டா மாதிரி இருந்தது. கடிபட்ட இடத்தில் ஏழு வீடு. படத்தின்படி அந்த ஏழும் ஆற்றில் இருந்தன.

மாசி பிறந்ததும் முப்பத்துமூன்று குடும்பத்துக்குப் பட்டா போனது. ஏழு குடும்பத்துக்கு நோட்டீஸ் போனது. நீர்நிலையை ஆக்கிரமித்திருக்கிறீர்கள், பதினைந்து நாளில் காலி செய்யுங்கள், இல்லையென்றால் அகற்றப்படும்.

இரண்டாம் நாளே பாஞ்சாலி பஸ் ஏறி எங்கள் ஆபீஸுக்கு வந்துவிட்டார். நோட்டீஸை மடித்து, மேலே தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு, இடுப்பில் செருகியிருந்தார்.

"நாங்க தண்ணிக்குள்ள குடியிருக்கமாம். நாங்க என்ன சார், கெளுத்தியா கெண்டையா?"

சார் நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"எத்தினி புயலு பாத்த வூடு சார் அது. கடலு இடிக்கல, காத்து இடிக்கல. நீங்க இடிக்கப் போறீங்களாம். இடிச்சிட்டு எங்கள எங்க வைப்பீங்க? இந்த பீரோ மேலயா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "அளவுக்காரே, நீங்க சொல்லுங்க. என் புருசன் லுங்கிய கட்டிக்கிட்டு எங்க நின்னீங்க? ஆத்துலயா நின்னீங்க, என் வூட்டுகிட்டயா?"

ஆபீஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. லுங்கி விஷயம் அதுவரை யாருக்கும் தெரியாது. நான் ஒரு ஃபைலைத் திறந்தேன். அது போன வருஷத்து லீவு லெட்டர் ஃபைல்.

"மறு அளவுக்கு மனு போடலாம்மா" என்றார் தில்லைநாயகம் சார், எப்போதும்போல மெதுவாக. "முந்தின அளவு தப்புன்னு சர்வேயர் அறிக்கை குடுத்தா பரிசீலிக்கலாம்."

சர்வேயர் நான். தப்பு என்று எழுதினால் எனக்குப் பதினேழு ஏ, அதாவது ஒழுங்கு நடவடிக்கை. தலைமை சர்வேயர் பதவி உயர்வுப் பட்டியலில் அப்போது என் பெயர் இரண்டாவதாக இருந்தது. பதினேழு ஏ வந்தால் பெயர் அடியோடு போய்விடும். ஏழு குடும்பத்தின் வீடு ஒரு பக்கம், என் பதவி உயர்வு ஒரு பக்கம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பீர்கள். நான் மூன்று நாள் யோசித்தேன். மூன்று நாளில் 'மேற்படி' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினேன். அதையும் அடித்தேன்.

கோழைக்குக் குறுக்குப் புத்தி நன்றாக வேலை செய்யும். எங்கள் அளவுகளில் சிலவற்றை மேலதிகாரி திரும்பப் போய்ப் பார்த்துத் தணிக்கைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி. நண்டுத்திட்டுக்கு நேரே அந்தக் கட்டம் காலியாக இருந்தது. பதிவேட்டைச் சாரின் மேஜையில் திறந்து வைத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான். காலிக் கட்டத்தைப் பார்த்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. சாயங்காலம் நாலு மணிக்கே, "எப்ப போலாம் ஜெயராமன்?" என்றார்.

நான் போய்ப் பாஞ்சாலியிடம் கேட்டேன். "மகம் முடிஞ்ச மறுநாளு மத்தியானம் மூணு மணிக்கு வாங்க" என்றார். "வந்துடுவீங்க. போறது எப்பிடின்னு அப்புறம் பாக்கலாம்."

மாசி மகம் பௌர்ணமியில் வரும். நோட்டீஸில் அது பத்தாவது நாள். மறுநாள், பதினோராவது நாள், படகு ஏறினோம். கிழக்குப் பக்கமாக விடச் சொல்லிக் கலியமூர்த்தியிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். சார் மத்தியில் அளந்து உட்கார்ந்தார். மடியில் படம், பக்கத்தில் டிபன் கேரியர். திட்டை நெருங்க நெருங்கத் தண்ணீர் மெலிந்தது. அடிப்பலகையில் சரக்கென்று உரசியது. படகு நின்றது.

"ஏன் நின்னுடுச்சு?"

"தரை தட்டிடுச்சு சார்" என்றார் கலியமூர்த்தி.

சார் படத்தை விரித்தார். "இந்த இடத்துல தரை இல்லையே."

கலியமூர்த்தி கழியை ஊன்றினார். அது நின்றது. படத்தையும் கழியையும் சார் மாறி மாறிப் பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் தண்ணீர் முழுக்க வடிந்து, படகு சேற்றில் உட்கார்ந்த எருமை மாதிரி ஆகிவிட்டது. கண்ணுக்கு எட்டினவரைக்கும் பளபளவென்று கறுப்புச் சேறு. எதிரே இருபது தப்படியில் பாஞ்சாலியின் வீடு.

"நடந்து போயிடலாம்" என்று சார் ஒரு காலைக் கீழே வைத்தார். கால் தொடை வரைக்கும் உள்ளே போனது. இன்னொரு கால் படகில். அந்த நிலைமை எனக்கு நன்றாகத் தெரியும். பிடிக்க ஓடினேன். நான் முகம் குப்புற விழுந்ததை இங்கே விவரிக்கவில்லை, படிக்கிறவர்களுக்கும் அலுத்திருக்கும்.

பாஞ்சாலி வீட்டிலிருந்து நடந்து வந்தார். சேற்றில் எங்கே கெட்டி, எங்கே புதை என்று கால் தெரிந்த நடை, கணுக்கால்கூட அழுந்தவில்லை. எங்களுக்கு இரண்டு தப்படி முன்னால் வந்து நின்றார். ஒருவர் தொடை வரை சேற்றில், ஒருவர் முகம் வரை.

"சார், அங்க நிக்காதீங்க. அது ஆறு" என்றார். "நீந்தி வாங்க."

தில்லைநாயகம் சார் அசையவில்லை. அசையவும் முடியாது.

"உங்க காயிதத்துல ஆறுன்னுதான போட்டிருக்கு? எங்களுக்கு பதினஞ்சு நாளு குடுத்தீங்க காலி பண்ண. நீங்க எத்தினி நாளுல காலி பண்ணுவீங்க?"

"யம்மா, பலகை எடுத்தாம்மா மொதல்ல" என்றார் கலியமூர்த்தி, சிரிப்பை அடக்க முடியாமல்.

பலகை வந்தது. சாரை இரண்டு பேரும் இழுத்தார்கள். சார் வந்தார், வலது கால் ஷூ வரவில்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. ட்ரோனில் தெரிகிறதா என்று திவ்யா மேடம் பார்க்கலாம்.

தண்ணீர் ஏறினால்தான் படகு மிதக்கும். பாஞ்சாலியின் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார், பால் ஊற்றாத வரட்டீ கொடுத்தார். திட்டவும் செய்தார், ஆனால் சொம்பு காலியாகாமல் பார்த்துக்கொண்டார். சார் படத்தை முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டு, எதிரே இருந்த தரையைப் பார்த்தபடியே இருந்தார். சரியாக ஐந்து மணிக்குச் சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஆபீஸ் முடிஞ்சுது ஜெயராமன். இனிமே பேசறது ரெக்கார்டு இல்ல."

"சரி சார்."

"அன்னிக்கு கலியமூர்த்தி, இன்னும் தரை இருக்குன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு."

"எனக்கும் சார்."

"நீங்க ஏன் போய்ப் பாக்கல?"

"தண்ணின்னா பயம் சார். லுங்கி வேற. நீங்க சார்?" என்றேன்.

அவர் பாஞ்சாலி உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"படகு ஏறினதுல இருந்து ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு இருந்தது. புதர் மறைவுல போறது எனக்குப் பழக்கமில்ல. சீக்கிரம் அக்கரைக்குத் திரும்பணும்னு இருந்துச்சு."

ஏழு குடும்பம் ஆற்றில் விழுந்ததற்கு அரசாங்கத் தரப்புக் காரணம் இவ்வளவுதான். ஒருவனுக்கு லுங்கி, ஒருவருக்கு மூத்திரம். ஏதோ பெரிய சதி, பெரிய இடத்து விவகாரம் என்று அந்த ஏழு வீட்டிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்திருக்க வேண்டாம்.

மறுநாள் பத்து மணிக்கு 'மேற்படி' என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் எழுதினேன். நீர்மட்டத்தை விசாரிக்காமலும், தரை உண்டு என்று சொல்லப்பட்டும் சோதிக்காமலும் என்னால் தவறாக அளக்கப்பட்டது. கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் படித்தார், ஒரு எழுத்துப் பிழையைச் சிவப்பில் திருத்தினார், அதே கையோடு எனக்குப் பதினேழு ஏ எழுதிக் கொடுத்தார். பதினோரு மணிக்கு இன்னொரு தாளை எடுத்தார். தில்லைநாயகம் ஆகிய தாங்கள் நேரில் இருந்தும் மேற்பார்வையில் தவறியது ஏன் என்று, தில்லைநாயகத்துக்கு ஒரு குறிப்பாணை. மத்தியானம் அதற்கு விளக்கம் எழுதினார். நாலு மணிக்கு, விளக்கம் திருப்திகரமாக இல்லை என்று அதன் மேல் சிவப்பில் எழுதி, எல்லாவற்றையும் மேலே அனுப்பினார். அந்த விளக்கத்தில் என்ன காரணம் எழுதியிருந்தார் என்று நான் கேட்கவில்லை. ரெக்கார்டில் பொய் எழுதும் ஆளில்லை அவர். அதை நினைத்தால் மேலிடத்தில் அந்த ஃபைலைப் படித்தவர் முகத்தைப் பார்க்கத்தான் ஆசை.

பதினாலாம் நாள் நோட்டீஸை நிறுத்தினார்கள். சித்திரையில் திரும்ப அளந்தோம், ஏத்தத்தில் ஒரு தடவை, வத்தத்தில் ஒரு தடவை. இந்த முறை கலியமூர்த்தியின் பின்னால் தண்ணீரில் நடந்து போனேன், அவர் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு. "சார், துண்ட வுடுங்க, அவுந்துரும்" என்று அவர் கெஞ்சியதெல்லாம் அளவுப் புத்தகத்தில் இல்லை. வத்தக் கரை முழுக்கோடு, ஏத்தக் கரை புள்ளிக்கோடு. ஒரு திட்டுக்கு இரண்டு கரை போட விதியில் இடமில்லை என்று மேலேயிருந்து திரும்பி வந்தது. 'விதியில் இடமில்லை, தரையில் இருக்கிறது' என்று எழுதித் திரும்ப அனுப்பினார் சார். தரை தப்பாக இருக்கலாம், படம் தப்பாக இருக்கக் கூடாது என்ற அந்த மனுஷன் எழுதியதுதான்.

பதவி உயர்வுப் பட்டியலில் எனக்கு அடுத்திருந்தவர் தாண்டிப் போனார். என்னை நானே தியாகி என்று சொல்லிக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் பார்த்தேன். மூன்று நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்து கெடுத்துவிட்டது.

ஆடியில் ஏழு பட்டாவையும் நானே எடுத்துக்கொண்டு போனேன். இறங்கும்போது விழுந்தேன், பட்டாவை மட்டும் கையைத் தூக்கி நனையாமல் காப்பாற்றினேன். பாஞ்சாலி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் படத்தை உற்றுப் பார்த்தார்.

"இதுல என் வூடு எது?"

விரல் வைத்துக் காட்டினேன்.

"இது?"

"அது கரை. இந்தாண்ட எல்லாம் தரை. உங்களுது."

கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "ஏத்தம் வந்தா இந்தக் காயிதத்துல தண்ணி ஏறுமா?"

"ஏறாது."

"வத்தம் வந்தா எறங்குமா?"

"எறங்காது."

"அப்ப இது எங்க திட்டு இல்ல" என்றார். நாலாக மடித்தார், பிளாஸ்டிக் பையில் போட்டார், இடுப்பில் செருகினார். "இருக்கட்டும். உங்கள மாதிரி ஆளுங்க வந்தா காட்டுறதுக்கு ஆவும்."